கெசியா டாலிவருக்கு நாங்கள் கொடுத்த பதினோரு சான்றுகள்

உலகத்தில் இதுவரை வெளிவந்த புத்தகங்களிலேயே மிகப் பலமாகச் சாட்சி சொல்லப்பட்ட புத்தகம், பாஸ்டன் நகரில் எங்கள் அடிமை ஒழிப்புச் சபை 1846-இல் வெளியிட்டதுதான். எழுதியவர் கெசியா டாலிவர். மேரிலாந்தில் முப்பது வருடம் அடிமையாக இருந்து தப்பி வந்த பெண்மணி. அவர் எழுதியது அறுபது பக்கம். அதை அவரேதான் எழுதினார் என்று நாங்கள் எழுதியது நாற்பத்திரண்டு பக்கம்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கறுப்பர் ஒருவர் புத்தகம் எழுதினால், 'இவரே எழுதினார், பொய் சொல்லமாட்டார்' என்று வெள்ளைக்காரக் கனவான் ஒருவர் எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். ஒருவர் போதும். நாங்கள் தாராள மனசுக்காரர்கள், பதினோரு பேர் கொடுத்தோம். பெல் பாதிரியாரின் சான்று மட்டும் ஒன்பது பக்கம். அதில் அவருடைய இளமைப் பருவமும், லிவர்பூல் போன கப்பலில் அவர் வாந்தி எடுத்ததும் விரிவாக உண்டு. கெசியா கடைசி வரியில் வருகிறார். நீதிபதி ஒருவர் கெசியாவைப் பார்த்ததே இல்லை. அவரைப் பார்த்த ஒருவரைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார். செயலாளன் என்ற முறையில், மற்ற பத்தும் உண்மையானவை என்று நான் ஒன்று எழுதினேன்.

அச்சுக்காரர் நூறு பக்கத்துக்குமேல் முடியாது என்றுவிட்டார். உடனே சபை கூடியது. அடிமைகள் விளைவித்த சர்க்கரையை நாங்கள் தொடுவதில்லை. மேப்பிள் மரச் சாற்றில் காய்ச்சிய சர்க்கரை போட்ட தேநீரோடு ஆலோசித்தோம்.

"சகோதரி, உன்னோட கடைசி ரெண்டு பக்கத்தை எடுத்துடலாம்னு சபை நினைக்குது," என்றார் பாதிரியார்.

"அதுலதான் என் மக இருக்கா, ஐயா. டோர்க்காஸ். ஏழு வயசுல வித்துட்டாங்க. வாங்கினவன் பேரு, அவ புருவத்துத் தழும்பு எல்லாம் அதுலதான் இருக்கு. யாராவது அவளைப் பாத்திருந்தா சொல்லுவாங்கல்ல? நான் எழுதக் கத்துக்கிட்டதே அதுக்குத்தான்."

எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. பாதிரியார் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"உருக்கமாத்தான் இருக்கு. ஆனா எடுத்தா ஒண்ணும் குறையாது."

"உங்க கப்பல் வாந்தியைக் கொஞ்சம் குறைச்சா என்ன?"

"சான்றுல கை வைக்கக்கூடாது, சகோதரி. அப்புறம் உன்னை யாரு நம்புவா?"

"யாரு எழுதின சான்றுலயும் வைக்கமாட்டீங்களா?"

நான் விதியை வாசித்துக் காட்டினேன்: 'சான்றுகள் எழுதியபடியே அச்சேறும்.'

"படிச்சுக்கூடப் பாக்கமாட்டீங்களா?"

"படிச்சா, எழுதினவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்ல," என்றார் பாதிரியார்.

கெசியா தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தார். "சரிங்க ஐயா, அந்த ரெண்டு பக்கத்தை எடுத்துடுங்க. நான் ஒரு சான்று எழுதித் தரேன்."

"யாரைப் பத்தி?"

"உங்க எல்லாரையும் பத்தித்தான்."

இடமே இல்லாத புத்தகத்தில் உடனே இடம் கிடைத்தது. முன் அட்டையின் உட்புறம், திறந்ததும் கண்ணில் படும்படி.

ஆயிரம் பிரதிகள் ஊரெல்லாம் போன பிறகுதான் நான் அதைப் படித்தேன். விதிப்படி எழுத்து மாறாமல் இங்கே தருகிறேன்:

"இந்தப் பதினோரு சான்றுகளையும் இந்தக் கனவான்களே எழுதினார்கள் என்று கெசியா டாலிவராகிய நான் சான்றளிக்கிறேன். பக்கத்திலிருந்து பார்த்தேன், யாரும் உதவவில்லை. என் மகள் டோர்க்காஸுக்கு இப்போது பதினாறு வயது. இடது புருவத்தில் தழும்பு இருக்கும். அவளை வாங்கியவர் ரிச்மண்ட் புகையிலை வியாபாரி சைலஸ் மாட்லாக். அவளைக் கண்டவர்கள் எனக்கு எழுதுங்கள். இந்த விவரத்துக்குப் புத்தகத்தில் இடமில்லை என்று முடிவு செய்ததும் இந்தக் கனவான்களேதான். அதற்கும் யாரும் உதவவில்லை."