நொட்டைக்காரர் குறை சொன்ன வீடு

யாழினி, முகிலு, ரெண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். காலையில் கேப்பைக் கூழை ஒதுக்கி வைத்ததற்கு நீங்கள் சொன்ன காரணங்களைக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கூழ் கூழ் மாதிரியே இருக்கிறது என்றாள் ஒருத்தி. கிண்ணம் தன்னை முறைக்கிறது என்றான் இன்னொருத்தன். பரவாயில்லை. காரணம் சொல்லும் படிப்பில் நீங்கள் இன்னும் ஒன்றாம் வகுப்புதான். அதில் கரை கண்ட ஒருவர் திண்டிவனத்தில் இருந்தார். அவர் மட்டும் அன்றைக்கு வாய் ஓயாமல் குறை சொல்லியிருக்காவிட்டால், கூழை ஒதுக்குவதற்கு நீங்களே இருந்திருக்க மாட்டீர்கள்.

திண்டிவனத்தில் அவர் குறை சொல்லாமல் விட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. சொந்தப் பெயர் என்னவோ, வேர்க்கடலை மூட்டை வந்து இறங்கும் மல்லாட்டை மண்டியில் எல்லாருக்கும் அவர் நொட்டைக்காரர். மூட்டைக்கு வியாபாரி விலை சொல்லும் முன்னால் இவர் போய் அதில் நொட்டை சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். காதோரம் குலுக்குவார். கட்டை விரலால் ஒன்றை உடைத்துப் பருப்பை வாயில் போட்டு, துக்கச் செய்தி கேட்டவர் மாதிரி கண்ணை மூடுவார். ஈரம் என்பார். உள்ளே பருப்பில்லாத பொக்கு என்பார். ஈரமும் இல்லை, பொக்கும் இல்லை என்றால் சாக்கு சரியில்லை என்பார்.

மண்டியை மூடிய பிறகும் அவர் வாயை மூட ஆளில்லை. காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது என்று கிழக்குத் திசையையே அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் விழுப்புரம் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. இப்படி டயத்துக்கு வந்தால் மனுஷன் டீ குடிப்பது எப்போது என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்ன டாக்டரைப் பற்றி, அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொன்னார்.

நான் அப்போது மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். விலை முடிந்த பிறகு வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. விலை எப்படி முடிகிறது என்பது எனக்குத் தெரியாது.

வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்டமங்கலத்தில் பார்த்த இடம் என் அம்மாவுக்கு, அதாவது உங்கள் ஆயாவுக்கு, பிடிக்கவில்லை. அந்த வீட்டு நாய் எங்களைப் பார்த்துக் குரைக்கவில்லையாம். "நாயே நம்மள மதிக்கல, மனுஷன் எங்க மதிக்கப் போறான்" என்று கிளம்பிவிட்டார். வல்லம் பக்கம் பார்த்த இடத்தில் அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை ஒல்லி, வண்டி பெரிசு என்று சொல்லி அனுப்பினார்கள். உண்மைக் காரணம் என்னவென்று இன்றுவரை எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை.

எனக்கு மனசுக்குள் ஒரு இடம் இருந்தது. ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு லோடு ஏற்றப் போகும்போது, ஒரு பெண் வாசலில் நின்று வண்டியை ரிவர்ஸ் எடுக்கக் கை காட்டும். அந்த இடம் தகைந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தேன். அப்பா, அந்தப் பெண்ணை ஏன்டா பிடித்திருக்கிறது என்று கேட்டார்.

"அவங்க வீட்டாண்ட வண்டி திருப்ப நல்ல எடம் இருக்குதுப்பா" என்றேன்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாள் குறித்தார்.

அன்றைக்குப் பார்த்து எங்களோடு வர இருந்த சித்தப்பாவுக்குக் காய்ச்சல். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேராய்ப் பெண் பார்க்கப் போகக்கூடாது என்றார் அம்மா. நாலாவது ஆளுக்கு எங்கே போவது? டீக்கடை பெஞ்சில் நொட்டைக்காரர் டீயில் டிகாஷன் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கூப்பிட்டுவிட்டார். வண்டியில் முன்னால் நாங்கள் மூவர். பின்னால் மூட்டை ஏற்றும் இடத்தில் பிளாஸ்டிக் சேரைக் கயிறு போட்டுக் கட்டி, அதில் அவர் ராஜா மாதிரி வந்தார். ஒலக்கூர் தாண்டும் வரை ரோட்டைத் திட்டிக்கொண்டு வந்தது என் காதுக்கே கேட்டது.

அங்கே போய் இறங்கினதும் ஆரம்பித்தார். வாசப்படி உயரம். ஃபேன் சத்தம். காலண்டர் கோணல். பஜ்ஜி வந்தது. ஒன்றைப் பிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, மூன்று நாள் எண்ணெய், உப்பும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார். போச்சு, இந்த ஆளை நாமே வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வந்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பெண்ணுடைய அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ஒவ்வொரு குறைக்கும் முகம் மலர்ந்துகொண்டே போனார். இன்னொரு தட்டு பஜ்ஜி கொண்டுவரச் சொன்னார். என் அப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தப்பா எடுத்துக்காதீங்க, அவருக்கு வாய் அப்படி என்று இழுத்தார்.

"தப்பா எடுக்கறதா? சம்பந்தி, நான் வருஷா வருஷம் இவராண்ட மல்லாட்டை போடறவன். நொட்டை சொன்ன மூட்டைய இவரு ஒருநாளும் உட்டதில்ல. எப்பனா ஒருவாட்டி நல்லா கீதுன்னு சொன்னாரு பாருங்க, அந்த மூட்டையத்தான் நான் திரும்ப ஏத்திக்கினு வந்துருக்கேன்" என்றார் தாத்தா.

நொட்டைக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, கேட்காதது போல இருந்தார்.

அப்போது தண்ணீர் கொண்டுவந்த உங்கள் அம்மா போகாமல் நின்றாள்.

"ஐயா, வந்ததுலருந்து நீங்களே சொல்லிக்கினு கீறீங்க. நாங்க ஒண்ணும் மூட்டை இல்ல. நானும் ஒண்ணு சொல்லட்டுமா?"

அவர் தலையை ஆட்டினார்.

"மாப்பிள்ள சட்டைப் பட்டன ஒண்ணு தள்ளிப் போட்டுக்கினு வந்துருக்காரு. கூட வந்தவங்க ஒருத்தர் கண்ணுலயும் படல."

எல்லாரும் என் சட்டையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. நொட்டைக்காரர் தொழிலில் தோற்ற முகத்தோடு எழுந்து வந்து, காலரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "பொண்ணுக்கு வாய் நீளம்" என்றார். தாத்தா தொடையைத் தட்டிச் சிரித்தார். உனக்குச் சம்மதமா என்று மகளைக் கேட்டார்.

"பட்டன் மாத்திப் போட்டா பரவால்ல. கியர் மாத்திப் போடாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொல்லிவிட்டுத் திரும்பினோம். வரும் வழியிலும் பின்னாலிருந்து பஜ்ஜி எண்ணெயைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. அவரை அவர் தெருமுனையில் இறக்கிவிட்டபோது, சேருக்கு ஒரு கால் ஆடுகிறது என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போனார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்பாவையும் அம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டு, சேரை அவிழ்க்க வண்டியின் பின்னால் ஏறினேன். சேருக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலம் செருகி இருந்தது. பிரித்தால், பஜ்ஜி. வீட்டுக்குக் கொண்டுபோக எப்போது எடுத்து மடித்தாரோ, மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றேன். உப்பு இல்லைதான். மிச்சத்தைப் பழையபடி மடித்து ஒரு பையில் போட்டு, அவர் தெருவுக்கு நடந்து போய்க் கதவுக் கொண்டியில் மாட்டினேன். உள்ளே யாரிடமோ குழம்பில் காரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை முழுக்கக் கேட்டுவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பி வந்தேன்.