சாவுக்கு ஒத்திகை பார்த்தவர்

எங்கள் மலைநாட்டில், சாகப்போகிறவரிடம் அவருடைய சாவைப் பற்றிப் பேசி, அவரையே சிரிக்கவும் வைக்கக்கூடிய ஒரே மனிதர், எல்லோரும் ‘ஒத்திகை’ என்று கூப்பிடுகிறவர்தான். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அது என் வேலை.

படுக்கையில் விழுந்தவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் குழுவில் நான் சேர்ந்திருந்தேன். வலிக்கு என்ன கொடுப்பது, புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, கடைசி விருப்பத்தை எப்படி நோகாமல் கேட்பது எல்லாம் கண்டியில் போய்ப் படித்தேன். குரலைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்துப் பேசவும் பழகினேன். நான் பேச ஆரம்பித்தால் நோயாளிகள் அயர்ந்து தூங்கினார்கள்.

ஒத்திகைக்கு வட்டகொடையில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடை. மழையிலும் கறுப்புக் கண்ணாடி போடுவார். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, “சொல்லுங்க, எப்பிடிப் போகணும்னு ஆச?” என்று பஸ்ஸுக்கு வழி கேட்பது போலக் கேட்பார். கல்யாணத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம், இதற்கு ஏன் பார்க்கக்கூடாது என்பது அவர் கட்சி.

ஒத்திகை போன அன்று மரியநாயகம் மாமா தன் அடக்கத்துக்குப் பாடப்போகிறவர்களைக் கட்டில் முன்னால் நிறுத்திப் பாட வைத்து, சுருதி சேரவில்லை என்று பாதிப்பேரைக் கழித்துவிட்டார். அன்று அவர் இரண்டு ரொட்டி கேட்டுச் சாப்பிட்டாராம். நான் போன நாட்களில் கஞ்சிகூட இறங்கியதில்லை. ராக்கம்மா அக்கா இன்னும் மோசம். என்னை வெற்றிலை வாங்க அனுப்பிவிட்டு, மனதில் இருந்ததையெல்லாம் அந்தக் கறுப்புக் கண்ணாடியிடம் கொட்டிவிட்டார்.

அப்புறம்தான் முத்தையாத் தாத்தா. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாயிற்று. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தன் பெட்டியைத் தலைமாட்டுப் பக்கம் தம்பி ராசு தூக்க வேண்டும். ராசு அதே தேயிலைத் தோட்டத்தின் எதிர்மலை டிவிஷனில்தான் இருந்தார். போஞ்சிக்காய்த் தோட்டத்து வேலித் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. நான் விடாமல் போன் எடுத்தேன். “உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது” என்று தொடங்கும்போதே வைத்துவிடுவார். தாத்தாவோ ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

கடைசியில் அங்கேயும் ஒத்திகை வந்து சேர்ந்தார். கோயில் பெஞ்சைப் பெட்டியாக்கினார். தப்பு மேளக்காரர்களைக் கூட்டிவந்து, மெதுவாக அடிக்கச் சொன்னார். அதுவரை சரி. தொழில் புத்தி விடவில்லை. மேளத்துக்கு முன்னால் மைக்கை வைத்துவிட்டார்.

தோட்டத்தில் சாவு மேளம் கேட்டால் மலையில் வேலை நிற்கும். இரண்டு மலையிலும் நின்றது. கொழுந்துக் கூடையோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். பாதி வழியிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. பின்னால் கணக்கப்பிள்ளை, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். தாத்தா வாசலில் புது வேட்டியோடு உட்கார்ந்து, பிளேன்டீயில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ராசு வந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த கத்தி கையிலேயே இருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

“என்னாண்ணே, நீ சாகலையா?”

“இல்லடா, இது ஒத்திக. தலமாட்டுல தூக்கத்தான் ஆளு இல்ல. நிக்கிறியா?”

ராசு கத்தியைக் கீழே வைத்தார். பெஞ்சின் தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தார்.

“எந்தத் தோளுல வைக்கணும்?”

உடனே ஒரு விசும்பல் இரண்டு மலைக்கும் கேட்டது. ஒத்திகை அழுகிறார். மைக்கை நிறுத்த மறந்திருந்தார். எனக்கும் அழுகை வந்தது. பாதி தாத்தாவுக்காக, மீதி அந்த யோசனை எனக்கு வராமல் போனதற்காக.

அந்த மாதமே தாத்தா போனார். மேளம் அடித்தது. “ஒத்திகதான்” என்று மலையில் ஒருவரும் அசையவில்லை. நான் மலையேறிப்போய், நிஜச் சாவுதான் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ராசுவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவர் அங்கேயே இருந்து அண்ணன் வாயில் பால் ஊற்றியிருந்தார். பெட்டியின் தலைமாட்டை வலது தோளில் வைத்து, சுடுகாடு வரை யாரிடமும் மாற்றிக் கொடுக்காமல் நடந்தார்.

இப்போது ஒத்திகையை இறம்பொடைப் பக்கமும் கூப்பிடுகிறார்களாம். வாரத்தில் பாதி நாள் அங்கேதான். எங்கள் ஆட்களை விட்டுவிட்டு அங்கே என்ன வேலை என்று இன்று காலைகூட அவரிடம் போனில் சண்டை போட்டேன்.