கராஜுக்கு இழுத்த வான்

எஞ்சின் செத்து என் வான் நின்று மூன்று மாதம். மேலே இருக்கிற வான் மட்டும் நிற்காமல் பெய்துகொண்டிருந்தது.

"செத்ததை எத்தனை நாளைக்கு முத்தத்திலை வைச்சிருக்கிறது?" என்றாள் மனைவி பிரேமிளா. "மாடு வளக்கிற ஜெமீல் நானா இதுக்கு மாத்தா ரெண்டு மாடு தாறாராம். குடுப்பம்."

அந்த வானில்தான் மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். அம்மாவின் சவப்பெட்டியை ஏற்றினேன். வான் போனால் 'வான்கார யோகலிங்கம்' வெறும் யோகலிங்கம்.

முடிவெடுத்தேன். பக்கத்துவீட்டுத் தயாபரனின் டிராக்டரில் கட்டி, றிஸ்வியின் கராஜுக்கு இழுத்துப் போவது. வழியில்தான் ஜெமீலின் வீட்டு வளவு. அதைத் தாண்டினால் ரயில் கடவை, பிறகு கராஜ். ஆனால் வானின் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே ஆள் பிரேமிளா.

"சரி, ஜெமீலிட்டையே கொண்டுபோவம்" என்று பொய் சொன்னேன்.

"ஓம்" என்றாள். மறுபேச்சே இல்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் பாடம் எடுத்தேன்.

"திறப்பைச் சாவி ஓட்டையிலை போட்டுத் திருப்பிவிடும், இல்லாட்டி ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கயிறு தொய்யக் கூடாது. எஞ்சின் ஓடாததாலை பிரேக் கல்லு மாதிரி இருக்கும். பலமா அமத்தோணும், ஆனா மெதுவா."

"பலமாவோ மெதுவாவோ?"

"ரெண்டும்."

"உங்களோடை குடும்பம் நடத்துற மாதிரி."

டிராக்டரை ஓட்டிக்கொண்டு ஜெமீலின் வளவைத் தாண்டினேன். உடனே கடவைக் கேற் விழுந்தது. நின்றோம். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கப் பயம். ரயில் இரைந்துகொண்டு நீளமாகப் போனது. கேற் எழும்பியதும் டிராக்டர் பஞ்சுபோலப் பறந்தது. என் ஓட்டும் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

"அண்ணை, டிராக்டருக்கு என்ன?" என்றான் கராஜில் றிஸ்வி.

"டிராக்டருக்கு ஒண்டுமில்லை. வானைப் பாரும்."

"எந்த வான்?"

திரும்பினேன். சேற்றில் சிவப்புத் துணியோடு கயிறு மட்டும் கிடந்தது.

டிராக்டரைத் திருப்பி வந்த வழியே ஓட்டினேன். ஜெமீலின் வளவுக்குள் வான் நின்றது. பக்கத்தில் பிரேமிளா, இரண்டு மாடுகள்.

"நீங்கள் 'சரி' எண்டவுடனையே பொய் எண்டு விளங்கிப்போச்சு. நானாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னனான். கடவையிலை நிக்கேக்கை நான் கயிற்றைக் கழட்ட, நானாவின்ரை ஆக்கள் தள்ளி உள்ளை எடுத்தவை."

வானைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. பிரேமிளா டிராக்டரில் ஏறினாள்.

"இறங்கும், உமக்கு டிராக்டர் ஓடத் தெரியாது."

"வயல்காரன்ரை பிள்ளைக்கோ?" ஸ்டார்ட் செய்தாள். "மாடு டிராக்டரிலை ஏறாது. நீங்கள் சாய்ச்சு நடத்திக்கொண்டு வாங்கோ. அவசரப்படாதேங்கோ, ஒண்டு சினை."

மழைக்குள் மாடுகள் முன்னால் நடந்தன. நான் பின்னால் போனேன்.