அத்தானின் இரண்டு காலும் நலம்

அன்பும் அதட்டலும் ஒருங்கே வாய்த்த அக்காவின் சமூகத்துக்கு, உன் ஒரே தம்பி பயபக்தியுடன் எழுதுவது. இங்கே நானும் அத்தானும் உயிரோடு, முழுசாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் மகளும், பிறந்து பதினோரு நாளேயான பேத்தியும் அதுபோலவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். 'முழுசாக' என்று ஏன் எழுதினான் என்று இந்நேரம் உன் புருவம் ஏறியிருக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுநடுவே, "அப்போ நீ எங்கடா போய்த் தொலைஞ்சே?" என்று கேட்பாய். எனக்குக் கோர்வை அறுந்துவிடும்.

பேத்தியைப் பார்க்கக் கிளம்பிய அன்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டே நீ சொன்னது ஒன்றுதான். "அந்த மனுஷனை மோட்டார் சைக்கிள்ல ஏற விடாதே." நானும் தலையாட்டினேன். நீ தெருமுனை திரும்பியதும் அத்தான் கொட்டகைக்குப் போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை காலை மலைக்காட்டுப் பாதையில் நாலு பேர் பயணம் என்று அறிவிப்பு வேறு. இருபது வருஷமாகத் தலைமையாசிரியராக இருப்பவர் அறிவித்துவிட்டால் யார் தடுக்கிறது? தடுக்க முடியாவிட்டால் கூடவே போவதுதான் தம்பியின் கடமை என்று நானும் ஒரு வண்டியை இரவல் வாங்கிக்கொண்டேன். கொடுத்தவர் நம் தெரு மெக்கானிக், ஊரே 'ஸ்பேனர்' என்று கூப்பிடுகிறதே, அவர்தான் மூன்றாவது ஆள். நாலாவது ஆள் உனக்கு மூக்குக்கண்ணாடி செய்துகொடுத்த கடைக்காரர். பாவம், ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு, அதில் பாதிக்குமேல் கால். கிளம்புமுன் அத்தான் வருகைப் பதிவு எடுத்தார். நாலு பேரும் "உள்ளேன்" என்றோம். நாலு பேர்தான் அக்கா. நான் எண்ணினேன்.

காலை பத்து மணிக்குள் தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை. அதுவும் சுருங்கிச் சுருங்கி, இரண்டு பக்கமும் புதர் முழங்காலைத் தேய்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. மேலே போகப்போக மூடுபனி. பட்டப்பகலில், முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிகிற பனி. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரரின் செயின் அறுந்தது. ஸ்பேனர் பையை அவிழ்த்துக் கொட்டினார். அதில் உலகத்தில் உள்ள எல்லா அளவு ஸ்பேனரும் இருந்தது. செயினைக் கோர்க்கிற சின்ன லாக் மட்டும் இல்லை. "நேத்து ராத்திரி கையில எடுத்தேனே, எடுத்தேனே" என்று அவர் தலையில் அடித்துக்கொள்ள, அத்தான் "கவனக்குறைவு" என்று ஆரம்பிக்க, நான் ஓரமாக ஒதுங்கினேன். அங்கே ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் அகலமான பச்சை இலை. இலையின் நடுவே ஒரு செயின் லாக். எவனோ தவறவிட்டதென்றால் மண்ணில் கிடக்கும், துருப்பிடித்திருக்கும். இது துடைத்து, எண்ணெய் தடவி வைத்திருந்தது. எண்ணெய் இன்னும் காயவில்லை.

"அளவு சரியா இருக்கு" என்றார் ஸ்பேனர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "யாரோ நம்மள மாதிரி வண்டிக்காரங்க விட்டுட்டுப் போயிருக்கலாம் சார்."

"நல்ல பழக்கம்" என்றார் அத்தான். அவருக்கு எல்லாமே நன்னடத்தைச் சான்றிதழ்தான்.

அடுத்தது அத்தானின் கிளட்ச் கேபிள். ஓடையைக் கடந்து ஏறும்போது பட்டென்று அறுந்தது. இந்த முறை யாரும் பையை அவிழ்க்கவில்லை. நாலு பேரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். அந்த வெட்கத்தை என்னவென்று சொல்ல, அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு கிளையில், கண்மட்டத்தில், கேபிள் சுருட்டிக் கட்டித் தொங்கியது. ஸ்பேனர் மாட்டினார். ஒவ்வொரு திருகுக்கும் ஒருமுறை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்ததால், பத்து நிமிஷ வேலை அரைமணி ஆனது.

மூன்றாவது என் வண்டிக்கு. ஒரு வளைவில் ஓரமாகக் காய்ந்த புல்லுக்கட்டு ஒன்று கிடந்தது. ஒரே நீளத்துக்கு நறுக்கி, கொடியால் கட்டியிருந்தது. மாடு இல்லாத காட்டில் யாருக்குப் புல் என்று நினைத்தபடியே தாண்டிப் போனேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன், என் முன்டயர் டமால். உள்ளே டியூப் ஒட்டுப்போட முடியாதபடி கிழிந்துவிட்டது. ஸ்பேனர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் புல்லைப் பார்த்தார். "டியூப் இல்லேன்னா டயருக்குள்ள புல்லை அடைச்சி ஓட்டலாம். இந்த வித்தையை எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது. அந்த ஆளுக்கு நமக்கு முன்னாடியே வந்திருக்கு." அடைத்தோம். ஒரு பிடி மிச்சமில்லை, ஒரு பிடி குறையவில்லை.

அதற்குப் பிறகு யாரும் வேகமாகப் போகவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஒவ்வொரு பாறைக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். மதியம் ஒரு மணி இருக்கும், பாதையின் குறுக்கே இன்னொரு தட்டைப் பாறை. அதன்மேல் இரண்டு குச்சிகள். பட்டை உரித்து, முனைகளை வழவழவென்று தேய்த்து, பக்கத்தில் நாலு துணிச் சுருள். வண்டிகளை நிறுத்தினோம். எந்த வண்டியும் கெட்டிருக்கவில்லை.

"இது எதுக்குப்பா?" என்று அத்தான் ஸ்பேனரைக் கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. கிளினிக்கில் பதினாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவன், தினமும் பார்க்கிற சாமான்.

"இது வண்டிக்கு இல்ல அத்தான்" என்றேன். "காலுக்கு. உடைஞ்ச காலுக்கு அணை வச்சுக் கட்டறது."

கண்ணாடிக்கடைக்காரர்தான் மெதுவாகக் கேட்டார்: "யார் காலுக்கு?"

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. படித்த நாலு ஆண்பிள்ளைகள், நடுக்காட்டில் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒவ்வொருவராகக் குச்சியைக் காலில் வைத்து அளந்து பார்த்தோம். எனக்கு நீளம். ஸ்பேனருக்கும் நீளம். அத்தானுக்கு இரண்டு விரல்கடை அதிகம். அவர் விட்ட பெருமூச்சில் மீசை பறந்தது. கண்ணாடிக்கடைக்காரர் காலைக் காட்டவே மாட்டேன் என்றார். பிடித்து அளந்தோம். கச்சிதம். மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் இங்கேயே இருந்துக்கறேன். உக்காந்திருந்தா கால் உடையாதுல்ல? வீட்டுல சொல்லிடுங்க."

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவருக்குக் கோபம்தானே வரும், உனக்குத் தெரியாததா? குச்சியையும் துணியையும் அள்ளி, "இந்த மூடத்தனத்துக்கெல்லாம் ஒரு முற்றுப்புள்ளி!" என்று பள்ளத்தில் வீசினார். விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை.

பிறகு கண்ணாடிக்கடைக்காரரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து எழுப்பி, பாறையைச் சுற்றி, எஞ்சினைப் போடாமல், நாலு பேரும் மறுபக்க இறக்கத்தில் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். "அங்க கல்லு, பாத்து" "இங்க வேரு, பாத்து" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் அவர் காலைக் கொண்டுபோனோம். அரைமணி நேரம் போனதும், பாதையின் கீழே சரிவிலிருந்து ஒரு குரல்.

"வந்துட்டீங்களா?"

ஒரு மனிதர் மரத்தில் சாய்ந்து கிடந்தார். மலைக்குமேல் போகிற மின்கம்பியைச் சோதிக்க வந்த லைன்மேனாம். முந்தின நாள் சாயங்காலம் சறுக்கி விழுந்திருக்கிறார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பாதம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல உயரம். கண்ணாடிக்கடைக்காரர் உயரம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தார்.

"குச்சி எங்க?" என்று கேட்டார்.

அத்தான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான்தான், "என்ன குச்சி?" என்றேன்.

"நாலு பேரு வண்டியத் தள்ளிக்கிட்டு வருவாங்க, அவங்க கையில குடுத்தனுப்பறேன்னு சொன்னாரே. உங்க ஆளுதாங்க. காலைல வந்தாரு. கையெல்லாம் ஆயிலு. தொடாம, அந்தரத்துலயே என் காலை அளந்தாரு. 'நீங்களே கட்டி விடுங்களேன்'னு கெஞ்சினேன். 'என் கை வண்டிக்குத்தான் ஆகும். எலும்பு தெரிஞ்ச ஒருத்தர் வர்றாரு, அவரு கட்டட்டும்'னுட்டுப் போனாரு."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

சுற்றிலும் முள்செடி தவிர ஒன்றுமில்லை. காற்றடிக்கிற பம்பை வைத்துப் பார்த்தேன், நீளம் போதவில்லை. அவருக்கோ காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டாமல் தூக்கினால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். யாராவது திரும்பிப் போயாக வேண்டும். தூக்கி எறிந்தது அத்தான், அவருக்கு முழங்கால் வலி. ஸ்பேனர் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், ஓடிப்போய்விடும் பாரு! கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் போனேன்.

அக்கா, சின்ன வயதில் மாடிக்குத் தனியாகப் போகப் பயந்து உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வருவேனே, அந்த ஆள்தான் நான். பனிக்குள் என் காலடிச் சத்தம் எனக்கே பின்னால் கேட்டது. பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டுமே என்ற கவலையோடு பாறையை நெருங்கினேன். இறங்க வேண்டியிருக்கவில்லை. குச்சிகள் பாறைமேல் இருந்தன. சேர்த்து வைத்துக் கட்டியிருந்தது. துணிச் சுருள்கள் மட்டும் ஈரம். சேற்றில் விழுந்ததை அலசிப் பிழிந்து வைத்திருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் அம்மா வளர்த்த வளர்ப்பு, சும்மா எடுத்துக்கொண்டு போக மனசு வரவில்லை. "மன்னிச்சிடுங்க" என்று பனியைப் பார்த்துச் சொன்னேன். "எங்க அத்தான் கொஞ்சம் அவசரக்காரர். ரொம்ப நன்றிங்க."

குச்சிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, மேலே எங்கேயோ, யாரோ ஒரு வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. ஒரு உதை. நிதானமாக இன்னொரு உதை. மூன்றாவது உதை. வண்டி கிளம்பவில்லை. நான் ஓடியதை நீ பார்த்திருந்தால் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஏன் கடைசியாக வந்தாய் என்று கேட்டிருப்பாய். இந்தச் சத்தத்தைப் பற்றி மற்ற மூவரிடமும் நான் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

கட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு கட்டுப் போட்டதில்லை. லைன்மேனை ஸ்பேனரின் வண்டியில் உட்கார வைத்து, எஞ்சினைப் போடாமல், நாலு பேரும் நாலு பக்கம் பிடித்து உருட்டிக்கொண்டு இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் தார்ச்சாலை. அங்கே ஒரு சரக்கு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். கிளினிக்கில் நானே படம் எடுத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாருய்யா கட்டினது? நூல் பிடிச்ச மாதிரி நிக்குதே" என்றார். லைன்மேன் தேறிவிட்டார், நாளைக்கு வீட்டுக்குப் போகிறார். மேலே விட்டுவந்த மூன்று வண்டிகளையும் ஸ்பேனர் மறுநாள் நண்பகலில் ஆள் கூட்டிக்கொண்டு போய் எடுத்துவந்தார். விட்ட இடத்திலேயே இருந்தனவாம். சேறு மட்டும் துடைத்திருந்ததாம்.

ஆகவே அக்கா, நீ நிம்மதியாக இருக்கலாம். அத்தான் இனி மோட்டார் சைக்கிளைத் தொடுவதில்லை என்று பள்ளிக்கூடத் தாளில் உறுதிமொழி எழுதி, நாங்கள் மூவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். வண்டி கொட்டகையில் பழைய போர்வைக்குள் தூங்குகிறது. அந்த மலைப்பக்கம் இனி ஒருநாளும் போகமாட்டோம், இது சத்தியம். மகளுக்கு என் ஆசி. பேத்தியின் உள்ளங்காலில் ஒரு முத்தம், இரண்டு காலிலும். உன் கோபத்தையும் உன் அன்பையும் எப்போதும் வேண்டும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மூவரும் வந்தார்கள். எத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருப்பது? அந்த உதைக்கிற சத்தத்தைச் சொல்லிவிட்டேன். ஸ்பேனர், "எப்படிக் கேட்டுச்சு, பண்ணிக் காட்டுங்க" என்றார். வாயால் செய்து காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவை." செய்தேன். "கடைசி உதைல லேசா ஒரு 'புஸ்' வந்துச்சா?" வந்தது என்றேன். "தீப்பொறி போடற பிளக்குதான். வேற ஒண்ணுமே இல்ல. புதுசு ஒண்ணு போட்டா ஒரே உதைல கிளம்பிடும்."

"எத்தனை வருஷமா உதைச்சிக்கிட்டு இருக்காரோ" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அத்தான் எழுந்து போய் வண்டியின் போர்வையை உருவிவிட்டார். உறுதிமொழி என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு, "அது உறுதிமொழி, இது மரியாதை" என்கிறார். எந்த அளவு பிளக் என்று தெரியாததால் ஸ்பேனர் நாலு அளவிலும் எடுத்து வைத்திருக்கிறார். கண்ணாடிக்கடைக்காரர் நாலையும் கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியில் சுற்றித் தந்திருக்கிறார். அதே பாறைமேல் கொண்டுபோய் வைக்க வேண்டும், உதை கேட்ட பக்கம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் முன்னால் நான் போகிறேன். சனிக்கிழமை காலை கிளம்புகிறோம். போனில் நீ கத்தக்கூடாதென்று இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். உன் கைக்கு வரும்போது ஞாயிறு கழிந்திருக்கும்.