பையில்லாமல் திருச்சிக்குப் போய்வந்த விவரம்

கே.கே. நகர், மதுரை.
புதன்கிழமை.

சமயநல்லூரில் சகல சௌகரியங்களுடனும் பஞ்சாங்கத்துடனும் வாழ்ந்துவரும் மதிப்பிற்குரிய மச்சான் சொக்கநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாகீரதியின் கணவன் பசுபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கு நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்பதும் முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து ஊரில் இருந்துகொண்டு போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் அதை முடிப்பது எப்போதும் நீங்களாக இருக்கிறீர்கள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். மேலும், நேற்றுக் காலை நீங்கள் வாட்ஸப்பில், சூரியன் உதிக்கிற படத்தோடும் கூப்பிய கைகளோடும் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். பையில்லாமல் பயணம் போவதால் வரும் நன்மைகளை யாரோ ஒரு புண்ணியவான் வரிசையாக எழுதியிருந்தார். மனம் லேசாகுமாம், தோள்வலி வராதாம், திருட்டு பயம் இல்லையாம். நீங்கள் என்னைத் தேற்றுவதற்காக அனுப்பினீர்களா, அல்லது ஊருக்கெல்லாம் அனுப்பும்போது எனக்கும் வந்து விழுந்ததா தெரியவில்லை. ஒன்று சொல்கிறேன். அதை எழுதியவர் பையை வீட்டில் வைத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஊர் சுற்றப் போனவர். நான் உங்கள் பேச்சைக் கேட்டுப் பையை எதிர்வீட்டு ராஜபாண்டியிடம் கொடுத்துவிட்டு, பெற்ற மகளின் வளைகாப்புக்குப் போனவன்.

நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும் என்பீர்கள். உங்கள் காதுப்பக்கம் நடந்தது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். வர்ஷினிக்கு ஏழாம் மாதம். போன வியாழக்கிழமை திருச்சியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு, முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்து வருவது என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தோம். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். முன்அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தி, சன்னலுக்குக் கொசுவலை அடித்து, பாகீரதி அந்த அறையைத் துடைத்துத் துடைத்து என்னைக்கூட உள்ளே விடாமல் காத்துவைத்திருந்தாள். புதன்கிழமை காலை கிளம்புகிறோம் என்று மரியாதைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அங்கேதான் பிடித்தது சனி. "புதன்கிழம வடக்க சூலம் மாப்ள. போதாததுக்குப் பாகீரதிக்குச் சந்திராஷ்டமம் வேற. நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்பிடியா கெளம்புவாக?" என்றீர்கள். அதற்கு வழியும் நீங்களே சொன்னீர்கள். "திங்கக்கிழம நல்ல நேரத்துல பைய எடுத்துப் பக்கத்து வீட்ல வச்சிருங்க. அதுக்குப் பேரு பரஸ்தானம். பை கெளம்பிருச்சுன்னா நீங்களும் கெளம்பிட்ட கணக்கு. புதன்கிழம போற வழியில அதத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான். ஒண்ணு மட்டும், வெளிய போன பை திரும்ப வாசப்படி ஏறக்கூடாது." பையையும் ஆளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சூலமா அது என்று கேட்டேன். "வெளையாடாதீங்க மாப்ள, புள்ளத்தாச்சி விசயம்" என்றீர்கள். அதற்குமேல் எந்தத் தகப்பன் வாயைத் திறப்பான்?

திங்கட்கிழமை காலை நீங்கள் சொன்ன நேரத்தில் இரண்டு பைகளையும் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகளுக்கு எடுத்த பட்டுப்புடவை, தங்கக் காப்பு, கண்ணாடி வளையல்கள், பாகீரதி ஒரு வாரம் அடுப்படியில் நின்று சுட்ட அதிரசமும் முறுக்கும், எங்கள் மாற்றுத்துணி, என் பிரஷர் மாத்திரை எல்லாம் அதற்குள். ராஜபாண்டி தங்கமான மனிதர். "நம்ம வீட்டுச் சாமானா நெனச்சுப் பாத்துக்கிறேண்ணே" என்று வாங்கிக்கொண்டார். அன்று இரவும் மறுநாளும் மாத்திரை போட நான் எதிர்வீட்டுக்குப் போய் நின்று தண்ணீர் கேட்டு விழுங்கிவிட்டு வந்தேன். பை வாசற்படி ஏறக்கூடாது அல்லவா. தெருவில் இருப்பவர்கள் பாகீரதி எனக்குச் சோறு தண்ணி கொடுப்பதில்லை என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி.

புதன்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தால் ராஜபாண்டி வீட்டில் பூட்டு தொங்குகிறது. அலங்காநல்லூரில் அவருடைய பெரியப்பா தவறிவிட்டார் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பமே கிளம்பிப் போயிருக்கிறது. போன் போட்டேன். "மன்னிச்சிருங்கண்ணே, பதட்டத்துல மறந்துட்டேன். ஆனா பை பத்தரமா இருக்கு. பீரோவுல வச்சுப் பூட்டி, வீட்டையும் பூட்டி, ரெண்டு சாவியும் எங்கிட்டத்தான் இருக்கு" என்றார். அவ்வளவு பத்திரம். அலங்காநல்லூர் என்ன சீமையிலா இருக்கிறது, போய்ச் சாவியை வாங்கி வந்துவிடலாம் என்று வண்டியை உதைத்தேன். அதற்குள் உங்கள் தங்கை உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். "எழவு வீட்டுக்குப் போயிட்டு வளகாப்புக்குப் போறதா? தீட்டு மாப்ள" என்றீர்கள். சரி, ராஜபாண்டியையே வந்து எடுத்துக் கொடுக்கச் சொல்கிறேன் என்றேன். துக்கக்காரர் கைபட்ட சீர் ஆகாது என்றீர்கள். பூட்டை உடைத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றேன். "நல்ல காரியத்துக்குப் போறப்ப துக்க வீட்டுப் பூட்ட ஒடைப்பாகளா?" என்றீர்கள். அப்படியானால் ஒரு நாலு மணிநேரம் யோசித்து மத்தியானமாகக் கிளம்புகிறோம் என்று கெஞ்சினேன். அதற்கு நீங்கள் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "ஏழரைக்கு எமகண்டம் வந்துரும், அதுக்கு முன்னாடி தெருவத் தாண்டிருங்க. நீங்க திங்கக்கிழமையே கெளம்பியாச்சு மாப்ள. இப்பப் பாதி வழியில நிக்கிறீங்க. பாதி வழியில நிக்கக்கூடாது." நான் என் வீட்டு வாசலில், பால் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் நன்மைகளையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுத்தாவணியில் சுலபமாக ஏறினோம், இடம் கிடைத்தது. மேலே வைத்த பையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கவில்லை. வழியில் டீ குடிக்க இறங்கியபோது ஒருவர் காவலுக்கு உட்கார வேண்டிய அவசியமில்லாமல் இருவரும் சேர்ந்தே இறங்கினோம், கல்யாணமான காலத்திலிருந்து அது முதல் தடவை. ஆனால் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல், அழுது வீங்கிய முகத்தோடு விடிகாலையில் பஸ் ஏறும் வயதான தம்பதியை நம் ஊரில் என்னவென்று நினைப்பார்கள்? பக்கத்துச் சீட்டுப் பெண்மணி பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊர்ல தாயி சாவு?" என்று கேட்டாள். பாகீரதி மறுபடி அழுதாள். அதிரசத்தை நினைத்து அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பெண்மணிக்குத் தெரியுமா? கொட்டாம்பட்டி தாண்டும்வரை ஆறுதல் சொன்னாள். இறங்கும்போது என்னிடம், "நீங்கதான்யா தெகிரியமா இருக்கணும். அவுகளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சீர் கொண்டு போகிறவனுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா மச்சான்? இதற்குப் பஞ்சாங்கத்தில் என்ன பரிகாரம் போட்டிருக்கிறது?

திருச்சியில் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். சம்பந்தியம்மாள் வாசலுக்கு வந்து வாய் நிறைய "வாங்க வாங்க" என்றார். கண் மட்டும் எங்களைத் தாண்டி ஆட்டோவுக்குள் போனது. ஆட்டோ திரும்பிப் போனதும், "சாமானெல்லாம் பின்னாடி வண்டில வருதா சம்பந்தி?" என்று கேட்டார். என் நாக்கில் அன்று எந்த கிரகம் உட்கார்ந்திருந்ததோ, "ஆமாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த நிமிடம் அது வீடு முழுக்கப் பரவியது. சீர்வண்டி வருகிறதாம், மதுரையிலிருந்து தனி வண்டி வைத்து அனுப்பியிருக்கிறார்களாம். வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் தட்டுகளைக் கழுவித் துடைத்துக் கூடத்தில் அடுக்கினார்கள். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போனார்கள். சிலிண்டர் வண்டி வந்தது, தண்ணீர் லாரி வந்தது, பழைய இரும்பு வாங்குகிறவர்கூட வந்தார். நானும் எல்லோரோடும் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் சம்பந்தியம்மாள் டிரைவர் நம்பரைக் கேட்டார். அதற்குமேல் தாங்காமல் பாகீரதி சூலம், பரஸ்தானம், ராஜபாண்டி, பீரோ என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுக்கிவைத்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்று ராத்திரி நான் மாப்பிள்ளை குருபிரசாத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அது தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை அவசர அவசரமாகக் கடைவீதிக்குப் போய் வளையலும் ஒரு புடவையும் வாங்கி வந்தேன். "ஓ, இங்க வாங்கினதா" என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்கள். பாகீரதிக்குக் கட்டிக்கொள்ள சம்பந்தியம்மாள் தன் பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்தார். மகளுக்குச் சீர் கொண்டுபோன தாய், சம்பந்தி வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, அதன் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, மகள் கையில் வளையல் போட்டாள். வந்தவர்களில் பாதிப் பேர், "இது உங்க புடவைல்ல?" என்று சம்பந்தியம்மாளைக் கேட்டார்கள். உங்கள் தங்கை அப்படித் தலையைக் குனிந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது மச்சான், இப்போதும் எரிகிறது.

சாப்பாடு முடிந்து, பெண்ணை அழைத்துப் போகிறோம் என்று நான் எழுந்தபோது சம்பந்தியம்மாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. ரெண்டு பையை ஒழுங்கா எடுத்துட்டு வர முடியல உங்களால. நடுராத்திரி வலி வந்தா பஞ்சாங்கம் பாத்துட்டு உக்காந்திருப்பீங்களா? பிரசவம் இங்கயே ஆகட்டும்." கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தேன். மறுத்து எதைச் சொல்வது? நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களோ என்னவோ. வாசல் கேட் வரைக்கும் வந்த வர்ஷினி, இரண்டு கையிலும் வளையல் குலுங்க, என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, "பையாப்பா என்னயக் கூட்டிட்டுப் போகப் போகுது? நீங்கதானே கூட்டிட்டுப் போகணும்" என்றாள். திரும்பி வரும்போதும் கையில் ஒன்றுமில்லை. போகும்போது இல்லாதது பை, வரும்போது இல்லாதது மகள்.

பாகீரதி முன்அறையைச் சாத்திவைத்துவிட்டாள். பை இன்னும் ராஜபாண்டியின் பீரோவில்தான் இருக்கிறது. காரியம் முடிகிறவரை தொடக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள். பை திரும்பவில்லை என்றால் உங்கள் கணக்குப்படி நான் இன்னும் ஊர் திரும்பவில்லை. ஆகையால் தெளிவாக எழுதுகிறேன். இனி இந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் உங்களிடம் நாள் கேட்பதாக இல்லை. நீங்களாகவும் சொல்ல வேண்டாம். வாட்ஸப்பில் ராசிபலன் அனுப்புவதையும் நிறுத்திவிடுங்கள். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் வராமல் இருந்தால் இரண்டு பேருக்கும் மரியாதை.

மற்றபடி உங்களுக்கும் அக்காவுக்கும் அந்தச் சொக்கநாதர் நீண்ட ஆயுளும் குறைவில்லாத ஆரோக்கியமும், முடிந்தால் வேறு ஏதாவது பொழுதுபோக்கும் அருளட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கை கணவன்,
பசுபதி.

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வர்ஷினியும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நேரே இங்கே வந்துவிட்டார்களாம். தெற்கே சூலம், அதுவும் நல்ல ராகுகாலத்தில் வந்து சேர்ந்திருக்கிறாள். கட்டிய புடவையைத் தவிர ஒரு கைப்பைகூட இல்லை. மாத்துத்துணிகூட எடுத்துக்கொண்டு வரவில்லையா என்று பாகீரதி கேட்டதற்கு, "பையோட கெளம்பியிருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பாங்கம்மா" என்றாள். மாப்பிள்ளை காப்பிகூடக் குடிக்காமல், "அம்மாகிட்ட நான் பேசிக்கறேன் மாமா, ஆனா நாளைக்கு அவங்களே கூப்பிட வந்துடுவாங்க, நீங்க ஏதாவது செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகள் முன்அறையில் சன்னலோரம் அசந்து தூங்குகிறாள். பாகீரதி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள், மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மச்சான், மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இதைத் தபாலில் போட்டால் நேரமாகும் என்று எங்கள் தெருமுனை ஆட்டோ டிரைவர் முத்துப்பாண்டியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதே வண்டியில் ஏறி உடனே வாருங்கள். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி வடக்கே பயணம் போவதற்குப் பிரசவம் முடிகிறவரை ஒரு நல்ல நாள்கூட இல்லை என்று சம்பந்தியம்மாள் முகத்துக்கு நேரே சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? மாற்றுத்துணி எடுத்துவைக்கிறேன் என்று அக்கா தாமதம் செய்யப் போகிறார், அதெல்லாம் வேண்டாம், என் வேட்டி இருக்கிறது. பஞ்சாங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.