ஆடுகிற பல்

பள்ளிப்பட்டு,
செவ்வாய்க்கிழமை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் சிங்கமும், மலைகளுக்கெல்லாம் எமனும், என் அக்கா பெற்ற ஒரே இன்ஜினியருமாகிய விமல் மாப்பிள்ளைக்கு, தாய்மாமன் ஆதிநாராயணன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் பாறையும் சௌக்கியம். மூவரில் பாறைக்குத்தான் சௌக்கியம் அதிகம்.

விஷயம் உனக்குத் தெரியும். நந்தினி பிரசவத்துக்குப் பத்தாம் தேதி வரவேண்டும். "உக்கார்ற டாய்லெட் கட்டினாத்தான் வருவேம்பா, இல்லன்னா மீஞ்சூர்லயே மாமியார் ஊட்டுல பெத்துக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். என் முதல் பேரன் மீஞ்சூரில் பிறந்தால் நான் எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பேன்? டாய்லெட்டுக்குக் குழி தோண்டினேன். நாலாவது அடியில் பாறை. இடித்து உடைக்கவும் வழியில்லை, பக்கத்து வீட்டுத் துளசிராமன் சுவர் யாராவது தும்மினாலே விரிசல் விடும். அதனால் பாறையைச் சுரண்டும் உருளை மாட்டிய பொக்லைனோடு டிரைவர் அன்புசெல்வனை வரவழைத்தேன். அந்த உருளையைச் சுற்றி மாட்டும் இரும்புப் பல் உன் கம்பெனியில்தான் செய்கிறார்கள் என்று உன்னிடம் கேட்டேன். சுரங்கத்தில் கருங்கல்லைக் கடலைமிட்டாய் மாதிரி மெல்லும் என்று பீற்றிக்கொண்டு பதினாறு பல் அனுப்பினாய்.

பன்னிரண்டை மாட்டிவிட்டு ஒன்றை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. விரலால் சுற்றினேன், பம்பரமாகச் சுற்றியது. பன்னிரண்டும் அப்படியே. அறுபத்தெட்டு வயதில் என் வாயிலேயே இரண்டுதான் ஆடுகிறது, உன் கம்பெனி சரக்கு பிறக்கும்போதே கிழமா? ஆடுற பல்லால் முறுக்கே கடிக்க முடியாது, மலையையா கடிப்பது? வெல்டர் தானியேலைக் கூப்பிட்டுப் பன்னிரண்டையும் அடியோடு பற்றவைத்தேன். நாஷ்டா முடித்து வந்த அன்புசெல்வன், "இன்னா நைனா பண்ணிக்கினு கீற, அது ஆடறதே..." என்று ஆரம்பித்தான். "நீ லிவரைப் பாருடா, பல்லை நான் பாத்துக்கறேன்" என்று அடக்கிவிட்டேன்.

ஆறு மணி நேரம் ஓட்டினான். சத்தம் ஆந்திராவில் கேட்டது. உன் அத்தையின் எவர்சில்வர் டம்ளர்கள் அலமாரியிலிருந்து இறங்கித் தெருவுக்கு நடந்து போயின. பாறையில் விழுந்தது ஒரு கீறல், எங்கள் ஊட்டுப் பூனை அதைவிட ஆழமாகப் பிறாண்டும். பற்களோ ஒரே பக்கமாகத் தேய்ந்து, சாய்வாகச் சீவின கேரட் மாதிரி நிற்கின்றன. இதை வைத்துச் சுரங்கம் வெட்டினால் உன் பேரனுடைய பேரன்தான் நிலக்கரியைப் பார்ப்பான். உன் முதலாளியைப் பல்பொடி வியாபாரத்துக்குப் போகச் சொல், அதிலாவது பல்லைப் பற்றி நாலு விஷயம் கற்றுக்கொள்ளட்டும்.

நீ நூறு வயது வாழ வேண்டும். அதுவரை உன் சொந்தப் பல்லாவது உறுதியாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட மாமன்,
ஆதிநாராயணன்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அன்புசெல்வன் தன் பாதி வாக்கியத்தை முடித்துவிட்டான். "அது ஆடறதே அதுக்குத்தான் நைனா. வெட்டும்போது பல்லு தானா சுத்திக்கினே இருந்தாத்தான் எல்லாப் பக்கமும் சமமாத் தேஞ்சு, கூரு போவாம நிக்கும். நீ அதைக் கட்டிப் போட்டுட்ட." மறுநாள் காலையில் தானியேல் வந்து பற்றவைத்ததையெல்லாம் அறுத்தெடுத்தான். மிச்சமிருந்த நாலு பல்லை ஆடவிட்டு மாட்டினோம். மதியத்துக்குள் ஒன்றரை அடி பாறை மாவாகிவிட்டது. மேலே எழுதியதை அடித்துவிடலாம், ஆனால் நடை நன்றாக வந்திருக்கிறது, மனசு வரவில்லை. நந்தினியிடம் மூச்சு விடாதே. நாளைக்கே இன்னும் எட்டு பல் அனுப்பு. ஒவ்வொன்றும் நன்றாக ஆடுகிறதா என்று பார்த்து அனுப்பு.