மஞ்சளில் ஒரு சாந்தம்

பின்னறை இனிமேல் எனக்குத்தான். உயிரே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை. இப்படி நான் சபதம் செய்தபோது மனைவி பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் சபதமே செய்திருக்க மாட்டேன்.

நான் நவீன ஓவியன். கடைச் சாயத்தைக் கையால் தொடமாட்டேன். பீட்ரூட், மஞ்சள், கரி, செம்மண், காப்பித்தூள்... இவைதான் என் வண்ணங்கள். மரம், மாடு, மனிதர் எதையும் வரைவதில்லை; உணர்ச்சியை மட்டும்தான் வரைவேன். மனைவி தையல்காரி. அவளுடைய மிஷின் பின்னறையிலிருந்து சமையலறைக்குக் குடிபெயர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

"மிஷினை எப்பங்க உள்ளே வைக்கறது? ஊரார் துணியிலெல்லாம் எண்ணெய் தெறிக்குது."

"அது கலைக்கூடம்!"

"அப்படி என்னத்தைக் கிழிச்சீங்க அதுலே?"

"கிழிக்கிறது உன் வேலை. நான் வரையறது உணர்ச்சி. பார்த்தவுடனே புரியும்."

"யாருக்கு?"

"கண்ணு இருக்கிற யாருக்கும்."

"அப்போ மாடி வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிடுவோம். ஒரே ஒரு படம். அதுலே என்ன உணர்ச்சின்னு அவர் சரியாச் சொல்லிட்டா அறை உங்களுக்கு. இல்லேன்னா மிஷினுக்கு."

ஒப்புக்கொண்டேன். டாக்டர் முகத்துக்கு நேரே 'சொத்தை' என்று சொல்கிற மனிதர். அவருக்குப் பொய் வராது.

நான்கு நாள் மஞ்சள் அரைத்தேன். பிசின் கலந்து, கதவு அகலத் துணி முழுக்கப் பூசினேன். மூலையில்கூட வேறு நிறம் கிடையாது. அதன் முன் உட்கார்ந்தால் எனக்கே தூக்கம் வந்தது. பின்பக்கம் 'சாந்தம்' என்று எழுதி, பெருமையாகக் கையெழுத்தும் போட்டேன்.

மஞ்சள் டப்பா காலியானபோது அவள் முணுமுணுக்கக்கூட இல்லை. இன்னொரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். நானோ கண் கலங்கி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தேன். டாக்டர் படத்தின் முன் நின்றிருந்தார். ஓரடி பின்வாங்கினார்.

"கோபம் சார். பயங்கரமான கோபம்!"

எட்டிப் பார்த்தேன். மஞ்சள் முழுக்கச் சிவப்புத் திட்டுகள். நாலு பேர் அடித்துக்கொண்ட இடம் மாதிரி இருந்தது.

"என்னடி பண்ணினே?"

"விருந்தாளி வர்றாரேன்னு சோப்புத் தண்ணியிலே துடைச்சேன்."

"மஞ்சள்லே சோப்பு பட்டாச் சிவக்கும்னு தெரியாது?"

"ஆறு மாசமா உங்க சட்டையைத் துவைக்கிறவளுக்கா தெரியாது?"

எனக்கும் மூளை உண்டு. சட்டென்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"பிரமாதம் டாக்டர்! படத்தோட பேரே கோபம்தான். அறை எனக்கு!"

அவள் படத்தைத் திருப்பி வைத்தாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். கையெழுத்தையும் விடவில்லை. எனக்கு அவமானம் தாங்கவில்லை.

அன்று மாலையே மிஷின் பின்னறைக்குப் போயிற்று. தூக்கிக்கொண்டு போனவன் நான். என் கிண்ணங்கள் சமையலறைக்கு வந்தன. படம் வீணாகக் கூடாது என்று அவள் அதை வெட்டி, மிஷினுக்கு உறை தைத்துவிட்டாள்.

மறுநாள் பேன்ட் உயரம் குறைக்க வந்த டாக்டர், உறையைச் சுற்றி வந்து தலையை ஆட்டி ரசித்தார்.

"இப்பத்தான் சார் சாந்தம் தெரியுது."